இரவல் தொண்டை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து எனக்குக் குரல் இல்லை. சுத்தமாக இல்லை. வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வருகிறது.

வீட்டில் இதை யாரும் பெரிய துக்கமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என் மனைவி செல்வி சுக்குக் காபி போட்டுத் தருகிறாள், உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கச் சொல்கிறாள்… எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு தடவை டம்ளரை நீட்டும்போதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "ரெண்டு வாரம்னு எழுதிக் குடுங்க டாக்டர்" என்று கேட்டவள் அவள்.

பேசத்தானே கூடாது? எழுதலாம் அல்லவா? அதனால் இந்த வாரம் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே பேசப்போகிறேன். நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குரல் எங்கே போச்சு? கடலுக்குப் போச்சு. போய் இன்னும் திரும்பவில்லை.

எனக்கு ஜமால் என்று ஒரு நண்பன். காலேஜில் ஒரே பெஞ்ச். பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் அவனுக்கு. நான் கமுதிப் பக்கம், கரிசல் காட்டுக்காரன். அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை மச்சான் என்பேன். செல்வி அவனுக்குத் தங்கச்சி. இந்த உறவுமுறை எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

அவன் ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். மோட்டார் கிடையாது. பாய், காற்று, படகுக்கு ஆறு பேர், கனத்துக்கு மணல் மூட்டை… அவ்வளவுதான். கரையிலிருந்து கிளம்பி, தூரத்தில் கட்டியிருக்கும் மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பாதிப் போட்டி கரையில் இருப்பவர்கள் கண்ணுக்கே தெரியாது. பாய் முதலில் வேட்டி அளவு இருக்கும். அப்புறம் கைக்குட்டை அளவு. அப்புறம் தபால் தலை. அதற்கப்புறம் ஒன்றுமே இருக்காது. வெறும் கடல்தான்.

அப்போது சனங்களுக்குக் கண் எது? மைக்தான்!

அந்த மைக் ரொம்ப வருஷமாக ஜமால் கையில் இருந்தது. போட்டிப் படகுகளுக்குப் பின்னாலேயே ஒரு மோட்டார் வல்லம் போகும். அதிலிருந்து போனில் தகவல் வரும். ஜமால் அதை வாங்கி மைக்கில் சொல்வான். சொல்வானா? காட்டுவான்! பாய் காற்றை நன்றாகப் பிடிப்பதற்காகப் படகில் இருப்பவர்கள் தண்ணீரை அள்ளி அள்ளிப் பாய் மேல் அடிப்பார்கள். அதை ஜமால் சொன்னால் நம் சட்டை நனைந்த மாதிரி இருக்கும்.

இப்போது அவன் வளைகுடாவில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். போய் ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. லீவு 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று தள்ளிக்கொண்டே போகிறது. இந்த வருஷம் பார்த்து அவன் தம்பி ரியாஸ் முதல் தடவையாகச் சுக்கான் பிடிக்கிறான். நீலப் பாய் போட்ட படகு. தம்பி படகு ஓட்டுகிற நாளில் அண்ணன் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க வேண்டும். இது என்ன நியாயம், சொல்லுங்கள்?

வீடியோவில் பார்க்கலாமே என்பீர்கள். வேலை நேரத்தில் போனைக் கையில் எடுத்தால் சூப்பர்வைசர் பிடித்துக்கொள்வாராம். ஆனால் தொப்பிக்கு அடியில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆக, கண் கிடையாது, காது மட்டும்தான்.

ஜமால் போனதிலிருந்து மைக்குக்கு நிலையான ஆள் இல்லாததால், இந்த வருஷம் பக்கத்து ஊர் அறிவிப்பாளரைக் கூப்பிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. அவர் ஊர்ப் படகுக்கு மஞ்சள் பாய். அவர் வாயைத் திறந்தால் கடலில் மஞ்சள் பாயைத் தவிர வேறு பாயே இல்லாத மாதிரிப் பேசுவார் என்பது ஜமாலின் கவலை. அதனால் கமிட்டியிடம் என் பேரைக் கொடுத்துவிட்டான். என்னைக் கேட்கவே இல்லை. கொடுத்துவிட்டுத்தான் போன் போட்டான்.

நான் மாட்டேன் என்றேன். என் மேடை அனுபவம் என்ன தெரியுமா? ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் 'அனைவருக்கும் வணக்கம்' என்று சொல்லிவிட்டு, அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னொரு தடவை வணக்கம் வைத்துவிட்டு இறங்கியவன் நான். வாரா வாரம் எழுதுகிறாயே என்கிறான். எழுதுவதற்கும் பேசுவதற்கும் என்ன சம்பந்தம்? எழுதும்போது அடித்துத் திருத்தலாம். படகு நிற்குமா, நான் திருத்துகிற வரைக்கும்?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னான்.

"என் தம்பி ஓட்டுறத நான் உன் வாயாலதான் மாப்ள பாக்கணும்."

இதற்கப்புறம் எப்படி முடியாது என்று சொல்வது? சரி என்றேன்.

தெரியாத ஒரு வேலையை அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வகுப்பில் சேர்வீர்களா? யாராவது ஒருத்தர் காலில் விழுவீர்களா? அதற்கெல்லாம் நேரம் ஏது? நான் திருடக் கிளம்பினேன்.

முதல் திருட்டு, அந்த ஊர்க் கரையில் மீன் ஏலம் கூறும் மேரி அக்காவிடம். விடிந்து கொஞ்ச நேரத்தில் வல்லங்கள் கரைக்கு வரும். மீனைக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். சுற்றிலும் வியாபாரிகள், காக்கை, நாய், நான். அக்கா ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். ஒரே மூச்சில் எப்படி இவ்வளவு நேரம் பேசுகிறார்? உற்று உற்றுப் பார்த்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. நாமெல்லாம் வாக்கியம் முடிந்த இடத்தில் மூச்சு விடுகிறோம். அக்கா வாக்கியத்துக்கு நடுவில் விடுகிறார்! முடிகிற இடத்தில் நிறுத்தினால் வேறு யாராவது புகுந்துவிடுவார்கள். நடுவில் நிறுத்தினால்? மிச்சம் என்ன என்று எல்லாரும் அவர் வாயையே பார்க்கிறார்கள்.

ஆகா, கிடைத்தது என்று எனக்கு ஒரே குஷி. அந்தத் தாளத்துக்குத் தகுந்தபடி தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். நின்றதுதான் தெரியும். ஏலம் முடிந்து அக்கா என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். ஏலக் கூட்டத்தில் தலையாட்டினால் கேட்பதாக அர்த்தமாம். கரிசல் காட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஒரு கூடை சூடை மீன் என் காலடிக்கு வந்து சேர்ந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன கதையைத் தனியாக எழுத வேண்டும். எழுத மாட்டேன். எங்கள் தெருவில் அன்று எல்லார் வீட்டிலும் சூடை மீன் குழம்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரெண்டாவது திருட்டு, போகிற வழியிலேயே நடந்தது. ராமநாதபுரத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர். பேர் கேட்டு யாரையும் கூப்பிட மாட்டார். கண்ணில் என்ன படுகிறதோ அதுதான் பேர். "பச்சைக் கூடை, உள்ள தள்ளி நில்லும்மா." "ஜன்னலோரத் தூக்கம், உங்க ஊரு வந்துருச்சு." "கல்யாணப் பத்திரிகை, டிக்கெட் எடுத்தாச்சா?" அதையும் 'பச்சை' என்று ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத்தான் 'கூடை' என்பார். பஸ்ஸில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். எப்போது நம்மைக் கூப்பிடுவாரோ என்று! எனக்கு அவர் வைத்த பேர் 'முணுமுணுப்பு'. பஸ்ஸில் வாய்க்குள்ளேயே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, எங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயம். அந்த வர்ணனை சின்ன வயதிலிருந்து என் காதில் கிடக்கிறது. வண்டி ஓட்டுபவர் பேர் சாரதி. மைக் பிடித்தவர் ஜீப்பில் பின்னாலேயே வருவார். இருப்பதைப் பாதி சொல்வார், இல்லாததைப் பாதி சொல்வார். "குடை சாய்கிறது… சாய்கிறது… சாய்கிறது… இல்லை, நிமிர்ந்துவிட்டது!" என்பார். வண்டி பாட்டுக்கு நேராகத்தான் போய்க்கொண்டிருக்கும். சனத்துக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் விசிலடிக்கும். இந்தக் காரத்தை அப்படியே அள்ளி என் பையில் போட்டுக்கொண்டேன்.

நான்காவது திருட்டு என் வீட்டிலேயே.

செல்வி அவள் தங்கச்சியோடு தினமும் போனில் பேசுவாள். எத்தனையோ வருஷமாக அது எனக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரிதான். அன்றைக்குத்தான் உண்மையாகவே காது கொடுத்தேன். எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த கதை. "பையன் வந்தான்டி. உக்காந்தான். காப்பிய எடுத்தான். பொண்ணை ஒரு பார்வை பாத்தான். டம்ளரைக் கீழ வச்சான். வச்சுட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னான் பாரு… ஆமா, நீ சாப்டியா?"

அந்தப் பக்கம் தங்கச்சி அலறியது எனக்கு ஹாலில் கேட்டது. நான் அலறியது தெருவுக்கே கேட்டிருக்கும். என்ன சொன்னான்? என்ன சொன்னான்? ஓடிப்போய்க் கேட்டால், பொம்பளைங்க பேச்சு உங்களுக்கு எதுக்கு என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

யோசித்துப் பாருங்கள். உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சாப்டியா என்று கேட்பது! இவ்வளவு பெரிய வித்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மீன் ஏலத்துக்கெல்லாம் போயிருக்கிறேனே!

பிறகு பயிற்சி. மொட்டை மாடி, கையில் மைக்குக்குப் பதில் தண்ணீர் மக்கு. காயப்போட்ட துணிகள்தான் என் படகுகள். "சிவப்பு நைட்டி முன்னேறுகிறது… கட்டம் போட்ட லுங்கி விடவில்லை…" என்று ஆரம்பித்தேன். லுங்கிக்குச் சொந்தக்காரர், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், மதிலுக்கு மேல் தலையை நீட்டி உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அன்று சாயங்காலம் அவர் வீட்டம்மா வந்து செல்வியிடம் தனியாகவும் விசாரித்தார்.

போட்டி நாள் வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. நல்ல காற்று. கரை முழுக்கச் சனம், பந்தல், ஐஸ் வண்டி, பலூன். மேடை என்பது ரெண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டது. அதில் நானும் செல்வியும். செல்வி எதற்கு? என் போனில் ஜமால் இருக்கிறான். சட்டைப் பையில் அவனைப் போட்டு ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருந்தேன். மோட்டார் வல்லத்திலிருந்து தகவல் சொல்லும் அன்சாரி செல்வி போனுக்குத்தான் கூப்பிட முடியும். ஜமாலின் சித்தப்பா மகன் அவன். போனுக்காக வந்தவள், வேறு ஒன்றுக்கும் இல்லை. அவளே அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னாள்.

கொடி அசைந்தது. படகுகள் கிளம்பின. என் வாய் திறந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வந்தது! மேரி அக்காவின் மூச்சு வந்தது. "நீலப் பாய் காற்றை வாங்கி… வாங்கி… மஞ்சள் பாயைத் தாண்டப் பார்த்து…" என்று நடுவில் நடுவில் நிறுத்தினால், கரை அப்படியே என் வாயைப் பார்க்கிறது. ஒரு இடத்தில் வாய் தவறி "நீலப் பாயின் சாரதி ரியாஸ்" என்று சொல்லிவிட்டேன். படகுக்கு ஏது சாரதி? கொல்லென்று சிரித்தார்கள். நான் விடவில்லை. மஞ்சள் பாய்ச் சாரதி, வெள்ளைப் பாய்ச் சாரதி என்று எல்லாரையும் மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டேன். விசில் பறந்தது. சட்டைப் பைக்குள்ளிருந்து ஜமால் சிரிக்கிறான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறிவிட்டது. இவ்வளவு நாள் ஏன் எழுதிக்கொண்டு கிடந்தோம் என்றுகூடத் தோன்றியது.

பாய்கள் கைக்குட்டை ஆயின. தபால் தலை ஆயின. மறைந்தன.

செல்வியைப் பார்த்தேன். போனைப் பார்த்தபடி உதட்டைப் பிதுக்கினாள். அன்சாரி கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டாலும் போகவில்லை. வல்லம் டவரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். நான் எதையோ சொல்லி ஒப்பேற்றினேன். காற்றைப் பற்றிச் சொன்னேன், கடலின் நிறத்தைப் பற்றிச் சொன்னேன். போன் வரவில்லை. ஐஸ் வண்டிப் பக்கம் கூட்டம் நகர ஆரம்பித்தது. சட்டைப் பையில் ஜமால் காத்திருக்கிறான்.

அப்போதுதான் அந்தக் காரத்தைப் பையிலிருந்து எடுத்தேன்.

"இதோ… காற்று ஓங்கி அடிக்கிறது… நீலப் பாய் ஆடுகிறது… குடை சாய்கிறது… சாய்கிறது… சாய்கிறது…"

விசில் வரும், அப்புறம் நிமிர்ந்துவிட்டது என்று முடிக்கலாம் என்று ஒரு மூச்சு நிறுத்தினேன். மேரி அக்கா மாதிரி, நடுவில்.

விசில் வரவில்லை. கரை மொத்தமும் எழுந்து நின்றது. ஒருத்தர்கூடச் சத்தம் போடவில்லை. பந்தலுக்குள் இருந்த பெண்கள் தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். ஜமாலின் உம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ரெண்டு பேர் கரையில் கிடந்த இன்னொரு வல்லத்தைத் தள்ள ஓடினார்கள். எங்கள் ஊரில் வண்டி சாய்ந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வார்கள். இது கடல். இங்கே அந்த வார்த்தையை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை?

சட்டைப் பையிலிருந்து ஜமாலின் குரல் கேட்டது. ரொம்ப மெதுவாக.

"மாப்ள… கண்ணால பாத்தியா?"

மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"பாக்கல. நான் பாக்கல. எதுவும் சாயல. மாட்டு வண்டிப் பந்தயத்துல சொல்ற மாதிரி சும்மா சொல்லிட்டேன். ஒரு படகும் என் கண்ணுக்குத் தெரியல. தப்பா நினைக்காதீங்க, உக்காருங்க."

ஸ்பீக்கர் அதை ஊர் முழுக்கச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வல்லத்தைத் தள்ளப்போனவர்கள் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து பெஞ்சிலிருந்து இறங்கி அப்படியே பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. இனி எதைச் சொல்ல? தெரியாததைச் சொல்லக் கூடாது. தெரிகிறதோ ஒன்றும் இல்லை.

"அப்ப என்ன தெரியுதோ அதச் சொல்லு" என்றான் ஜமால்.

என்ன தெரிகிறது? திரும்பிப் பார்த்தேன். கரை தெரிந்தது.

கண்டக்டர் கை கொடுத்தார். கண்ணில் பட்டதையெல்லாம் பேராக்கிக் கூப்பிட ஆரம்பித்தேன். சிவப்புக் குடை, கொஞ்சம் தள்ளிக்கோங்க, பின்னாடி வெள்ளைத் தொப்பிக்குக் கடல் மறைக்குது. பஜ்ஜிக் கடை, எண்ணெய் புகையுது பாருங்க. பலூன், காத்து உன் பக்கம்தான்யா அடிக்குது, கெட்டியாப் பிடி. முதலில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் நாலு பேர். சிவப்புக் குடை உட்கார்ந்தது. கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஜமாலுக்காகச் சொன்னேன். அவன் வீடு மேடையிலிருந்து தெரியும். பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள், வாசலில் ரெண்டு நாற்காலி கிடக்கிறது, மாடியில் அவன் வாங்கி அனுப்பிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்றேன். உம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்றேன். அவன் மகள் ஆயிஷா மணல் மூட்டை மேல் ஏறி நிற்கிறாள், கையில் பாப்கார்ன், இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், அடடா, முன்பல் ரெண்டைக் காணோமே என்றேன். ஆயிஷா உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கரை மொத்தமும் சிரித்தது.

சட்டைப் பையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சொல்லு மாப்ள, நிறுத்தாத" என்றான். சொல்லிக்கொண்டே இருந்தேன். படகே இல்லாத போட்டியை அவ்வளவு நேரம் சொன்னேன். ஒருத்தரும் ஐஸ் வண்டிப் பக்கம் போகவில்லை.

அன்சாரி போன் வந்தது. எல்லாப் படகும் மிதவையைச் சுற்றியாகிவிட்டது, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. செல்வி சொன்னதை அப்படியே மைக்கில் சொன்னேன். மேரி அக்கா பந்தலிலிருந்து கும்பிட்டார். எனக்கா, கடலுக்கா தெரியவில்லை.

தபால் தலை தெரிந்தது. மஞ்சள். பக்கத்திலேயே இன்னொன்று. நீலம்! நான் பெஞ்சு மேல் ஏறிவிட்டேன். நீலப் பாய் என்று கத்த வாயைத் திறந்தேன்…

காற்று வந்தது. குரல் வரவில்லை.

இன்னொரு தடவை முயன்றேன். ஸ்பீக்கரில் புஸ்ஸென்று ஒரு சத்தம். தொண்டையைத் தடவினேன், தண்ணீர் குடித்தேன். ம்ஹூம். இரவல் வாங்கியது எல்லாம் இருக்கிறது, சொந்தத் தொண்டை போய்விட்டது! சட்டைப் பைக்குள் ஜமால் கெஞ்சுகிறான். "என்னாச்சு மாப்ள? வாரானா? எங்கன வாரான்? சொல்லுடா!"

செல்வி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

அவள் வாழ்நாளில் மைக்கைத் தொட்டதில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று யோசிக்கவும் நேரமில்லை. தங்கச்சியிடம் போனில் எப்படிப் பேசுவாளோ, அப்படியே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய், வருதுடி! நீலம் வருது. மஞ்சளும் கூடவே வருது. ரெண்டும் ஒட்டிக்கிட்டே வருதுடி. தண்ணிய அள்ளி அள்ளிப் பாய்ல அடிக்கிறாங்க. மூட்டையத் தூக்கிக் கடல்ல போடுறான் ஒருத்தன். ரியாஸ் தம்பி எந்திரிச்சு நின்னுட்டான். பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான். இந்தா கிட்ட வந்துட்டாங்க. இந்தா கொடிகிட்ட வந்துருச்சு பாரு… ஜமால் அண்ணே, கேக்குதா? சாப்டீங்களாண்ணே?"

கரை மொத்தமும் படகை விட்டுவிட்டுச் செல்வியைத் திரும்பிப் பார்த்தது.

வேண்டுமென்று கேட்கவில்லை. பழக்கம். கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கேட்டாகிவிட்டதே? என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மைக் பக்கத்தில் வைத்தாள். ஸ்பீக்கர் ஒரு தடவை கீச்சிட்டது. அப்புறம் அந்தக் கரையில் ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் ஜமாலின் குரல் கேட்டது.

"இன்னும் இல்ல தங்கச்சி. தம்பி வந்ததும் சாப்புடுறேன்."

"வந்துட்டான்ண்ணே. ரெண்டாவது. போய்ச் சாப்புடுங்க."

நான் பார்த்தேன், மஞ்சள் பாய்க்காரர்களும் சேர்ந்துதான் கத்தினார்கள். ரெண்டாவதாக வந்த ஒருத்தனுக்கு இவ்வளவு கைதட்டலை நான் எங்கும் கேட்டதில்லை. ரியாஸ் நனைந்த சட்டையோடு ஓடிவந்து போனை வாங்கிக்கொண்டான். அண்ணனும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று தெரியாது.

சாயங்காலம் ஜமால் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். சாப்பிட்டுவிட்டானாம். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டிருந்தான். எல்லாவற்றையும் டைப் அடித்து அனுப்பினேன். ஒரே சிரிப்பு. வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு விடுவது மேரி அக்கா அவனிடமிருந்து எடுத்ததாம். அவன் யாரிடம் எடுத்தான்? அந்தப் பஸ் கண்டக்டரிடம்! நான் பாவம், ஒரே சரக்கை ரெண்டு இடத்தில் திருடிவிட்டுப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. நேற்று அதே பஸ்ஸில் போனேன். கண்டக்டர் பின்பக்கம் யாரையோ பார்த்து, "கடைசி சீட்டுச் சாரதி, காலை மடக்கி உக்காருங்க" என்றார். சாரதி! என் சரக்கு! திருட்டுக் கொடுத்தவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அது என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். புஸ்ஸென்று வந்தது. அப்புறம் யோசித்தால் அதுவும் எங்கள் ஊர்ப் பந்தயத்தில் எடுத்ததுதானே? அதனால் மூடிக்கொண்டேன்.

இன்று காலை கமிட்டியிலிருந்து போன். அடுத்த வருஷத்துக்கு இப்போதே சொல்லி வைக்கிறார்களாம். எனக்கு இல்லை. செல்வி அக்காவுக்கு! ஐயாவும் கூட வரட்டும், சுக்குக் காபி ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றார்களாம். செல்வி பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டிருக்கிறாள். இதோ, அடுத்த அறையில் அதைத் தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கும் குரல் வரட்டும். வந்ததும் முதலில் கேட்கப்போவது இதுதான்: அந்த மாப்பிள்ளைப் பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படி என்னதான் சொன்னான்?